ஆர்ட்டீமியா பொரிப்பது எப்படி? மீன் குஞ்சுகளுக்கு வீட்டிலேயே உயிர் உணவு

“அண்ணே, நேத்து ராத்திரி வரைக்கும் நூறு குஞ்சு இருந்துச்சு. காலைல பார்த்தா பத்துகூடத் தேறல.” ஃபைட்டர் மீனை முதல்முறை ஜோடி சேர்த்த பையன்கள் என்னிடம் வந்து சொல்வது பெரும்பாலும் இதுதான். என்ன தீனி போட்டாய் என்று கேட்டால், வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினேன் என்பான். இல்லையென்றால் பெரிய மீனுக்குப் போடும் தீனியைப் பொடித்துத் தூவினேன் என்பான். நோய் என்று நினைத்து மருந்து கேட்கத்தான் வந்திருப்பான். நோயெல்லாம் இல்லை. பாதி பட்டினி, மீதி அழுகிய மஞ்சள் கரு.

நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு அசைவதுதான் சாப்பாடு. முன்னால் ஒன்று துடித்து நகர்ந்தால் உடம்பை வளைத்துக் குறிபார்த்துப் பாயும். அசையாமல் கிடப்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. கண்டுகொள்ளாத தீனி அடியில் தங்கி, ஒரே ராத்திரியில் தண்ணீரைக் கெடுத்துவிடும். அதனால்தான் உயிர் உணவு. அதிலும் வீட்டில் ஒரு பாட்டிலும் ஒரு பிடி உப்பும் வைத்தே பொரித்துக்கொள்ளக் கூடியது ஆர்ட்டீமியா. கடைகளில் ‘பிரைன் ஷ்ரிம்ப்’ என்றும் சொல்வார்கள்.

இறால் வகையைச் சேர்ந்த பொடி உப்பளத்து உயிர் இது. தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாகவே உண்டு. கடல்நீர் பாத்திக்குப் பாத்தி மாறி உப்பு ஏற ஏற, மீன் பிழைக்க முடியாத நிலை வரும். அந்த நீரில் தன்னைத் தின்ன ஆளில்லாமல் ஆர்ட்டீமியா பெருகும். நிலைமை நன்றாக இருந்தால் குட்டி போடும், மோசமானால் தடித்த ஓடு போட்ட முட்டையிடும். அந்த முட்டைக்குள் கரு பாதி வளர்ச்சியில் நின்று உறங்கும். காய்ந்து கிடந்தாலும் வருடக்கணக்கில் சாகாது. 1933ல் அமெரிக்காவில் சீல் என்பவரும் 1939ல் நார்வேயில் ரோலெஃப்சன் என்பவரும், இதன் குஞ்சுகளை மீன் குஞ்சுக்குக் கொடுக்கலாம் என்று எழுதிவைத்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் டின்களில் கணிசமான பகுதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து கிரேட் சால்ட் ஏரியிலிருந்து வருகிறது.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

பொரிப்பது கஷ்டமில்லை. நேரம் தவறுவதுதான் குஞ்சுகளைக் கொல்கிறது. மீன் குஞ்சு நீந்த ஆரம்பித்த பிறகு கடைக்கு ஓடி முட்டை வாங்கி, பாட்டில் தயார் செய்து, 24 மணி நேரம் காத்திருந்தால், அதற்குள் குஞ்சு ஒரு முழுநாள் பட்டினி கிடந்திருக்கும்.

ஃபைட்டரை வைத்தே கணக்குப் போடலாம். சனிக்கிழமை மாலை நுரைக்கூட்டில் முட்டை விழுந்தால், ஒன்று முதல் இரண்டு நாளில் பொரியும். பொரிந்ததும் தீனி வேண்டாம். வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வயிற்றில் இருக்கும் மஞ்சள் கருப் பையைக் கரைத்துக்கொண்டிருக்கும். மேலும் இரண்டு மூன்று நாள் கழித்து, புதன் அல்லது வியாழன், உடம்பை நேராக வைத்துப் படுக்கைவாட்டில் நீந்தும். அன்றிலிருந்து வாய்க்கு ஏதாவது வேண்டும். ஆகவே ஆர்ட்டீமியா பாட்டிலைச் செவ்வாய் ராத்திரியே ஓடவிட வேண்டும். முன்கூட்டியே பொரிந்துவிட்டால் நஷ்டம் அரை டீஸ்பூன் முட்டை, அவ்வளவுதான்.

கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களுக்கு இந்த விவகாரமே இல்லை. பிறந்த அன்றே ஆர்ட்டீமியாவை விழுங்கும் அளவுக்கு வாய் பெரிது. ஏஞ்சல் குஞ்சும் நீந்தத் தொடங்கிய அன்றே சாப்பிடும். கௌராமி, டெட்ரா குஞ்சுகள் மிகப் பொடியானவை. அவற்றுக்கு முதலில் வேறு தீனி, அதைப் பிறகு சொல்கிறேன்.

முட்டை வாங்குவது

பார்க்க நைசான காபிப் பொடி மாதிரி இருக்கும். ஒரு முட்டை கால் மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். ஆகவே வீட்டுக்கு 10 கிராம், 20 கிராம் போதும். பிரச்சினை என்னவென்றால் டின் முழுசாக வாங்கினால் விலை அதிகம், பிரித்துக் கட்டிய பாக்கெட் வாங்கினால் எப்போது பிரித்தார்கள் என்று தெரியாது. ஈரக்காற்று பட்டால் முட்டை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும், பார்த்தால் மட்டும் அப்படியே இருக்கும். ஒரு ஐப்பசி மழையில், பாலிதீன் கவரில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த முட்டையை ஒரு கடையில் வாங்கி வந்தேன். மூன்று பாட்டில் ஓட்டினேன், மூன்றிலும் பழுப்புத் தண்ணீர்தான். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: எங்கே வாங்கினாலும், தேவைப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு சிட்டிகையை டம்ளரில் போட்டுப் பரிசோதித்துவிடுவேன். சென்னைக்காரர்கள் கொளத்தூர் பக்கம் போனால், மீன் குஞ்சு பொரிப்பவர்களே வாங்கும் கடையில் வாங்குங்கள். அங்கே சரக்கு தேங்காது.

‘ஓடு நீக்கியது’ என்று போட்டு விற்பதும் உண்டு. காயவைத்து விற்கும் அந்த வகை பொரியாது. அப்படியே தீனியாகப் போடுவதற்கானது. தெரியாமல் வாங்கி இரண்டு நாள் ஏர் பம்ப் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும்.

வாங்கியதைச் சின்னச் சின்ன உலர்ந்த டப்பாக்களில் பிரித்து, ஃபிரிட்ஜில் வையுங்கள். டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் இருந்தால் நல்லது. எடுத்தவுடன் திறக்காதீர்கள். டப்பாவின் குளிர் போன பிறகு திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். டப்பா மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை மசாலா டப்பாக்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்து, ரசத்துக்குப் போகும் வழியில் பிடிபட்டது.

பாட்டில்

ஒரு லிட்டர் அல்லது இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் போதும். அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, மூடியை இறுக்கி, தலைகீழாக நிறுத்துங்கள். கழுத்து குறுகிக் கூம்பு போல இருப்பதால்தான் இந்தப் பாட்டில். தட்டையான அடியுள்ள ஜாடியில் முட்டைகள் மூலையில் குவிந்து, மூச்சு முட்டிச் சாகும். நிறுத்துவதற்கு வாய் அகன்ற சொம்பு, அல்லது மணல் போட்ட டப்பா எதுவும் ஆகும்.

ஏர் பம்ப்பின் குழாயை மேலிருந்து விட்டு, நுனி கழுத்தின் அடிவரை போகும்படி வையுங்கள். குழாய் மிதந்தால் நுனியில் ஒரு ஸ்டீல் நட்டை மாட்டாதீர்கள், உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கும். கெட்டியான பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகினால் நேராக நிற்கும். ஏர் ஸ்டோன் வேண்டாம். அதிலிருந்து வரும் பொடிக் குமிழிகள் முட்டைகளை நுரையோடு மேலே தள்ளி, பாட்டில் சுவரில் ஒட்டிவிடும். பெரிய குமிழிகள் ‘குபுகுபு’வென்று வந்து, தண்ணீர் கொதிப்பது போல உருண்டால் சரியான வேகம்.

பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே வைத்திருந்து கரண்ட் போனால் உப்புத் தண்ணீர் குழாய் வழியே இறங்கி பம்ப்புக்குள் போகும். கரண்ட் அடிக்கடி போகும் ஏரியா என்றால், பவர் பேங்கில் ஓடும் யூ.எஸ்.பி. பம்ப் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது.

உப்பு, சோடா, சூடு, வெளிச்சம்

லிட்டருக்கு 25 கிராம் உப்பு. சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துப் போடுங்கள். இல்லையென்றால் தூள் உப்பில் மேசைக்கரண்டி ஒன்றரை, தலைதட்டி. கல்லுப்பு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கல்லின் அளவைப் பொறுத்துக் கரண்டிக் கணக்கு மாறும், அதனால் அதை நிறுத்துப் போடுவதே மேல். கரைத்துத் துணியில் வடிகட்டினால் அடியில் மண் தங்காது. கார்ப்பரேஷன் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தண்ணீர் காரத்தன்மையோடு, பிஹெச் 8க்கு மேல் இருக்க வேண்டும். போர் தண்ணீர் பெரும்பாலும் தானாகவே அப்படித்தான் இருக்கும். ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுபவர்களுக்குத்தான் பொரிப்பு படுத்துவிடும். அதில் காரத்தைத் தாங்கிப் பிடிக்கும் சத்து இருக்காது. லிட்டருக்குக் கால் டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவாக ஆப்ப சோடா போட்டால் சரியாகிவிடும். கேக்குக்குப் போடும் பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போடக் கூடாது.

சூடு 26லிருந்து 28 டிகிரி. சென்னையில் பெரும்பாலான மாதங்களில் இதற்கென்று எதுவும் செய்ய வேண்டாம். மார்கழி ராத்திரியில் மட்டும் பாட்டில் பக்கத்தில் பழைய குண்டு பல்பு ஒன்று எரியட்டும். இல்லாவிட்டால் 24 மணி நேரம் 36 ஆகிவிடும். இதற்கு நேர்மாறான ஆபத்தைத்தான் யாரும் சொல்வதில்லை. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் தண்ணீரே 34, 35 டிகிரி தொடும். 33க்கு மேல் போனால் முட்டைக்குள் நடக்கும் வேலை நின்றுவிடும், ஆறிய பிறகுதான் மறுபடி தொடரும். நெடுநேரம் அப்படியே கிடந்தால் பொரிப்பும் குறையும். அந்த மாதத்தில் பாட்டிலைத் தரைத்தளத்தில், குளியலறைச் சுவர் ஓரமாக வையுங்கள்.

வெளிச்சம் முக்கியம், குறிப்பாக முட்டை நனைந்த முதல் சில மணி நேரம். கரு விழிப்பதற்கு ஒளிதான் சைகை. ஒரு எல்.இ.டி. பல்பை ஒரு ஜாண் தூரத்தில் வைத்தால் போதும். பல்பை அணைக்கவே வேண்டாம்.

முட்டை அளவு, லிட்டருக்கு அரை டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். ஐம்பது அறுபது குஞ்சுகளுக்குக் கால் டீஸ்பூன்கூட அதிகம். அதிகம் போட்டால் அதிகம் பொரியும் என்று நினைப்போம். உண்மையில் பிராணவாயு பற்றாமல் பாதி பாட்டில் நாறும்.

பொரிவதைப் பார்ப்பது

போட்ட ஒரு மணி நேரத்தில் முட்டை தண்ணீர் குடித்து உருண்டையாகிவிடும். காய்ந்த முட்டை ஒரு பக்கம் ஒடுங்கிய பந்து மாதிரி இருக்கும், நனைந்ததும் நிமிர்ந்துவிடும். சுவரில் ஒட்டியதை ஒரு கரண்டித் தண்ணீரால் கழுவி உள்ளே தள்ளுங்கள். பிறகு தொட வேண்டாம்.

பதினைந்து மணி நேரம் போல ஆனதும் ஒரு சொட்டை எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டு, பூதக்கண்ணாடியில் பாருங்கள். செல்போன் கேமராவுக்கு மாட்டும் சின்ன லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஓடு பிளந்து, அதற்கடியில் கரு குடை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், மெல்லிய தோல் பைக்குள். பைக்குள்ளேயே கால்கள் துடிப்பது தெரியும். இன்னும் சில மணி நேரத்தில் பை கிழிந்து, ஆரஞ்சு நிறத்தில், நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கண்ணோடு வெட்டி வெட்டி நீந்தும். அந்த ஆரஞ்சு நிறம்தான் அதன் சோற்று மூட்டை, நம் மீனுக்கும் அதுதான் சத்து.

இங்கேதான் கடிகாரம் மறுபடியும் வருகிறது. இந்தக் குஞ்சுக்கு இப்போது வாய் திறக்கவில்லை, மூட்டையில் இருப்பதைத்தான் செலவழிக்கும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் தோலுரித்து அடுத்த நிலைக்குப் போகும். அதற்குள் சத்து குறைய ஆரம்பித்திருக்கும், உருவமும் பெரிதாகும், நீச்சலும் வேகமாகும். பொடி மீன் குஞ்சால் துரத்திப் பிடிக்க முடியாது. ஆகவே முழுவதும் பொரியட்டும் என்று 36 மணி நேரம் காத்திருக்காதீர்கள். 20லிருந்து 24 மணி நேரத்தில் பெரும்பகுதி வந்துவிடும். வராததை விட்டுவிடுங்கள்.

அறுவடை

அரைகுறையாகச் செய்து குஞ்சுகளைக் கெடுப்பது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பாட்டிலுக்குள் இப்போது மூன்று சரக்கு இருக்கிறது: நீந்தும் குஞ்சு, காலி ஓடு, பொரியாத முட்டை. நமக்கு வேண்டியது முதலாவது மட்டும். ஓட்டைத் தின்ற மீன் குஞ்சுக்கு அது செரிக்காது, குடல் அடைத்துக்கொள்ளலாம்.

ஏர் பம்ப்பை நிறுத்துங்கள். பாட்டிலின் மேல் முக்கால் பாகத்தைக் கறுப்புத் துணியால் சுற்றுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, கழுத்துக்குச் சற்று மேலே பக்கவாட்டில் ஒரு டார்ச்சைக் காட்டுங்கள். ஆர்ட்டீமியா வெளிச்சத்தை நோக்கி வரும். ஐந்து நிமிடத்தில் டார்ச் எதிரே ஆரஞ்சு மேகம் திரளும். காலி ஓடுகள் மேலே மிதந்து பழுப்பு ஏடு கட்டும். பொரியாத முட்டை கழுத்தின் அடிமட்டத்தில் உட்கார்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் விட வேண்டாம், கூட்டமாகத் திரண்ட இடத்தில் மூச்சுத் திணறிச் செத்துவிடும்.

ஏர் குழாயை உறிஞ்சுகுழலாக வைத்து, நுனியை ஆரஞ்சு மேகத்தின் நடுவில் நிறுத்தி, கீழே ஒரு டம்ளரில் இறக்குங்கள். வாயால் உறிஞ்ச வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சால் இழுத்துவிடலாம். அடியில் உட்கார்ந்த முட்டையைக் கிளறாமல் பாதித் தண்ணீர் இறங்கியதும் நிறுத்துங்கள். மேலே இருக்கும் ஏடு கழுத்துவரை இறங்க விடவே கூடாது. டம்ளரில் இன்னும் ஓடு தெரிந்தால் அதையும் இருட்டாக்கி டார்ச் காட்டி இரண்டாவது முறை பிரியுங்கள். சோம்பல்படாமல் இரண்டாவது முறை செய்வதால்தான் எனக்குக் குஞ்சு அதிகம் பிழைக்கிறது என்று நினைக்கிறேன்.

டம்ளரில் இருப்பதைப் பழைய பருத்திக் கைக்குட்டையில் ஊற்றி, உப்புத் தண்ணீர் போன பிறகு நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். கைக்குட்டையில் மஞ்சள் குழம்பு மாதிரி ஒரு பூச்சு நிற்கும். அதைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரில் கரைத்தால் தீனி தயார்.

ஊட்டுவது

2 மில்லி சிரிஞ்சை ஊசியில்லாமல் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். குஞ்சுகள் கூட்டமாக இருக்கும் இடம் பார்த்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கால் மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். வயிறு ஆரஞ்சு நிறத்தில் உப்பியிருந்தால் சாப்பிட்டிருக்கிறது. வயிறு வெளிறி ஒட்டியிருக்கும் குஞ்சு ஒன்றிரண்டு இருக்கும், அவை பிழைப்பது கஷ்டம். எல்லாமே வெளிறியிருந்தால் தீனி பெரிதாக இருக்கிறது, அல்லது நீங்கள் கொடுத்தது போதவில்லை.

ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம். ஆர்ட்டீமியா நல்ல தண்ணீரில் சில மணி நேரம்தான் உயிரோடு இருக்கும், மிச்சம் செத்துத் தரையில் வெள்ளையாகப் படியும். அதைத் தினமும் ஏர் குழாயால் உறிஞ்சி எடுங்கள். தொட்டியில் நாலு சின்ன நத்தை விட்டால் பாதி வேலையை அவை பார்த்துக்கொள்ளும்.

அலசாத மிச்சத்தை உப்புத் தண்ணீரோடு அகலமான டப்பாவில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால், குளிரில் மந்தமாகி, சத்து அதிகம் கரையாமல் அடுத்த நாள்வரை தாங்கும். எடுக்கும்போதெல்லாம் ஒரு கலக்கு கலக்கிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் வழி: ராத்திரி எட்டு மணிக்கு அறுவடை, பாதி ஃபிரிட்ஜில், அப்போதே அடுத்த பாட்டிலை ஓடவிடுவது. இரண்டு பாட்டில் இருந்தால் ஒன்றைக் கழுவிக் காயவைக்க நேரம் கிடைக்கும். கழுவாத பாட்டிலின் உள்சுவரில் வழவழப்பு ஏறி, மூன்றாவது நாளிலிருந்து பொரிப்பு குறையும். சோப்பு வேண்டாம், சூடான தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்.

பொரியாவிட்டால்

24 மணி நேரத்தில் ஒன்றுமே இல்லை என்றால் முதல் சந்தேகம் முட்டை மேல். அதே முட்டையை ஒரு டம்ளரில் புதிதாகக் கரைத்த உப்புத் தண்ணீரில், ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவோடு போட்டுப் பாருங்கள். அங்கே பொரிந்தால் தப்பு பாட்டிலில்: காற்று குறைந்திருக்கும், இல்லாவிட்டால் சூடு. பாட்டிலில் பாதி பொரிந்து, பாதி குடை நிலையில் தொங்கியபடியே செத்திருந்தால் நடுவில் கரண்ட் போய்க் காற்று நின்றிருக்கும். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து நாறினால் முட்டை அதிகம், கொட்டிவிடுங்கள். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் குஞ்சு நீந்தினாலும் தொட்டியில் விட வேண்டாம்.

பிளீச்சிங் திரவத்தில் ஊறவைத்து ஓட்டைக் கரைத்துவிட்டுப் பொரிக்கும் முறையும் உண்டு. ஓடு பிரிக்கும் தொல்லை இருக்காது. ஆனால் முட்டை பழுப்பிலிருந்து ஆரஞ்சுக்கு மாறிய அந்தச் சில நிமிடத்தைத் தவறவிட்டால் கருவே வெந்துவிடும், குளோரின் வாடை போகும்வரை அலசவும் வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் சொல்ல மாட்டேன். டார்ச்சும் கறுப்புத் துணியும் போதும்.

இதைவிடப் பொடியான வாய்க்கு

கௌராமிக்கும் டெட்ராவுக்கும், ஆர்ட்டீமியாவை விழுங்கத் திணறும் ஃபைட்டர் குஞ்சுக்கு முதல் ஒன்றிரண்டு நாளும், இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்கள். வாய் அகன்ற பாட்டிலில் தொட்டியின் பழைய தண்ணீரை ஊற்றி, ஒரு துண்டு காய்ந்த வாழையிலையோ முட்டைக்கோஸ் இலையோ போட்டு, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டு நாளில் மங்கி வாடை அடிக்கும், அது பாக்டீரியா. நாலைந்து நாளில் மறுபடி தெளியும். டார்ச் அடித்தால் தூசு மாதிரி எதுவோ நகர்வது தெரியும். அதுதான் தீனி. மங்கலாக இருக்கும்போதே ஊற்றிவிடக் கூடாது. நாலைந்து நாள் ஆகும் என்பதால், மீன்களை ஜோடி சேர்க்கும் அன்றே பாட்டிலை வைத்துவிடுங்கள்.

வளர்ந்த பிறகு

பத்துப் பதினைந்து நாளில் குஞ்சு மொய்னா என்ற பொடி நீர்ப்பூச்சியைத் தின்னத் தயாராகும். மொய்னா நல்ல தண்ணீரில் வாழ்வது, அதனால் மிஞ்சினாலும் சாகாமல் தொட்டியிலேயே நீந்திக்கொண்டிருக்கும், தண்ணீர் கெடாது. சாக்கடையில் அள்ளி வரும் டியூபிஃபெக்ஸ் புழுவைக் குஞ்சுத் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். மாடியில் தண்ணீர் தேக்கிக் கொசுப்புழு வளர்ப்பதும் வேண்டாம், நாலு நாள் மறந்தால் தெருவுக்கே டெங்கு.

மூன்றாவது வாரத்திலிருந்து, காலைத் தீனிக்கு ஆர்ட்டீமியா கொடுப்பதற்கு முன், பசியோடு இருக்கும்போது, விரலில் நசுக்கிய தீனியை ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் வாயில் வாங்கித் துப்பும். மூன்றாவது நாள் துப்பாத குஞ்சுகளை எண்ணிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் ஆனதும் ராத்திரிப் பாட்டிலை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறைக்கலாம்.